அரங்கேற்றமும் பட்டப் பரீட்சையும்

கலையை அளக்கக் கூடுமா என்ற வினாவிற்கு நம்மவரிடையே இருவகை விடைகள் வழங்கி வருகின்றன. "கலை தெய்வீகமானது, அதற்கு மார்க்குப் போடுவது மடமை" என்பர் ஒரு சாரார். "பட்டம் பெற்றாயிற்று, கண்ணாடிச் சட்டத்துள் வைத்துச் சுவரில் மாட்டியும் ஆயிற்று, இனி அளப்பதற்கு என்ன இருக்கின்றது?" என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் சிந்திக்கும் வேலையிலிருந்து தப்பித்துக் கொள்ளும் வழிகளே என்பது நமது அபிப்பிராயம். நடனத்தைச் சர்வகலாசாலைப் பாடமாக வைத்துப் பட்டமும் அளித்து வருகின்ற இக்காலத்தில், மாணவர் உண்மையிலே கற்றது யாது, அதனை எங்ஙனம் அறிவது என்ற வினாவைத் தட்டிக் கழித்தல் இயலாது.

இவ்வினா நம்மிடம் வந்த விதத்தை முதலிற் கூறிவிடுகின்றோம். நாம் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்து வருகின்றோம். ஆங்கிலப் பள்ளியிற் படித்தவர் என்பதனால், ஆங்கிலத்தில் வரும் காகிதங்களைத் தொழிலாளர் நம்மிடம் கொண்டுவந்து பொருள் கேட்பது வழக்கம். சென்ற ஆண்டு குலை வெட்டும் தொழிலாளி ஒருவர் ஒரு தாளுடன் நமது காரியாலயத்திற்கு வந்தார். ஒரு கலாசாலையில் நடனப் பட்டப் படிப்பின் இறுதியாண்டை முடித்திருந்த அவருடைய மகளின் மதிப்பீட்டுத் தாள் அது. பதினொரு தலைப்புகளும், ஒவ்வொன்றிற்கும் எதிரே ஓர் எண்ணும் அதில் இருந்தன. எல்லாவற்றையும் படித்துச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கிராணி ஐயா, பிள்ளை நன்றாக ஆடுகிறாளா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். நாம் அத்தாளை மேலும் கீழும் இருமுறை பார்த்தோம். விடை அதில் இல்லை.

அன்று தொடங்கியது இவ்வாராய்ச்சி.

நமது மொழியில், நடன மாணவி ஒருத்தியின் கல்வியையும் அதன் சோதனையையும் ஒருங்கே விவரிக்கும் பழைய நூல் சிலப்பதிகாரம். 1892 ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அதனை அச்சிட்டு வெளியிட்டது முதல், அதன் அரங்கேற்று காதையை எடுத்துக்காட்டிப் பழம்பெருமை பேசாத மேடை இல்லை. பெருமை ஒருபுறம் இருக்கட்டும். நாம் அக்காதையை ஒரு பரீட்சைப் பத்திரமாக வைத்துப் படித்துப் பார்க்க விரும்புகின்றோம்.

மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டு வயதிற் சோழ மன்னன் முன்னிலையில் அரங்கேறுகின்றாள். ஆயின் அவள் மேடைமேற் காலடி வைக்குமுன் இளங்கோவடிகள் நம்மை நெடுநேரம் காக்க வைக்கின்றார். ஆடலாசிரியனுக்கு இருக்க வேண்டிய தகுதிகள் யாவை என்று முதலிற் கூறுகின்றார். ஒற்றைக் கையும் இரட்டைக் கையும் எங்கெங்கே பயிலும், ஒருவகைக் கூத்திற்குரிய கை மற்றொன்றிற் புகாமல் எவ்வாறு காப்பது என்பனவெல்லாம் அவன் அறிந்திருக்க வேண்டும். பின்னர் இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழோன் என ஒவ்வொருவரும் வரிசையாக நிறுத்தப்பட்டு அளக்கப்படுகின்றனர். தண்ணுமை முதல்வன் ஏனைய கருவிகளின் குறையை நிரப்பவும், அவற்றின் ஓசை அமுங்கிப் போகாமல் தன் கையை அடக்கவும் தெரிந்தவனாக இருத்தல் வேண்டும் என்கின்றார். அதன் பின்னர் அரங்கு அளக்கப்படுகின்றது. இருபத்து நான்கு விரல் கொண்ட கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்பதும் விடப்படவில்லை.

இதன் கருத்து என்ன? மாணவியைச் சோதிக்குமுன் ஆசிரியர் சோதிக்கப்படுகின்றனர். இடமும் ஒளியும் கருவியும் சோதிக்கப்படுகின்றன. கற்பித்தவன் தகுதியற்றவனாயின் கற்றவளின் குறை யாருடைய குறை? அரங்கிலே நிழல் விழுந்திருப்பின் அபிநயம் தெளியவில்லை என்று மாணவியைக் குறை கூறலாகுமா? இந்நியாயம் அக்காலத்திலேயே உணரப்பட்டிருந்தது. நம் கையில் வந்த அத்தாளிலோ, மாணவியைப் பற்றிய பதினொரு எண்கள் இருந்தனவேயன்றி, அவளுக்கு எத்தனை மணி நேரம் யார் கற்பித்தனர், உயிருள்ள மிருதங்கத்துடன் ஆடினாளா, பதிவு செய்த இசைக்கு ஆடினாளா என்பதைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை.

நிற்க. அரங்கேற்று காதையைப் புகழ்ந்தே முடித்துவிட நாம் எழுதவில்லை. அப்பரீட்சையில் இரண்டு பெருங் குறைகள் உள. ஆடல், பாடல், அழகு என்னும் மூன்றிலும் மாதவி குறைவற்றவள் என்பது காப்பியத்தின் தீர்ப்பு. ஆடலும் பாடலும் கற்று வருவன. அழகு கற்று வருவதா? எந்த ஆசிரியனும் கற்பிக்காத ஒன்றுக்கு எவ்வாறு மதிப்பெண் இடுவது? இது பழங்கதை என்று தள்ளிவிடுதற்கில்லை. இன்றும் நமது பட்டணத்துச் சபைகளில் "பெண் நல்ல சிவப்பு, மேடைக்கு எடுப்பாக இருக்கிறாள்" என்ற பேச்சை நாம் காதாரக் கேட்டிருக்கின்றோம். வெயிலிற் கறுத்த தோட்டத்துப் பிள்ளை அரங்கேறுமுன்பே மூன்றில் ஒரு பங்கை இழந்து நிற்கின்றாள். மதிப்பீட்டுத் தாளில் அழகு என்ற தலைப்பு இராது. "மேடைத் தோற்றம்" என்ற வேறு பெயரில் அது உள்ளே நுழைந்துவிடும். ஒப்பனையும் நகையும் விலை கொடுத்து வாங்கப்படுவன. அவற்றிற்கு இடும் மார்க்கு தகப்பனாரின் பணப்பைக்கு இடும் மார்க்கேயாம்.

இரண்டாவது குறை இதனினும் கொடிது. அரங்கேறிய மாதவி தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெறுகின்றாள். பின் நிகழ்வது என்ன? அதே ஆயிரத்தெட்டுக் கழஞ்சு விலைமதித்த மாலையை ஒரு கூனி கையிற் கொண்டு, செல்வ இளைஞர் திரியும் வீதியில் நிற்கின்றாள். மாலையை வாங்குபவன் மாதவியையும் பெறுவான். கோவலன் வாங்குகின்றான். ஏழாண்டுக் கல்விக்கு அரசவை கொடுத்த மதிப்பு அங்காடி விலையாக மாறிவிடுகின்றது. ஆடற்கலையை அவள் எவ்வளவு அறிந்தாள் என்ற அளவை, அவளை எவ்வளவுக்கு வாங்கலாம் என்ற அளவையாயிற்று. அவள் தன் மகள் மணிமேகலையை அவ்வழியிற் செல்லவிடாமல் துறவு நெறியிற் புகுத்தியதற்குக் காரணம் தேட வேறெங்கும் போக வேண்டுவதில்லை. அளவுகோல் எத்துணை நுட்பமாயினும், அது யார் கையில் இருக்கின்றது, எதற்காகப் பயன்படுகின்றது என்று கேட்காத மதிப்பீடு இங்ஙனமே முடியும்.

இனி அண்மைக் காலத்திற்கு வருவோம். சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரையில் இக்கலை பரம்பரைக் குடும்பங்களின் கையில் இருந்தது. தஞ்சைச் சகோதரர் நால்வர் வகுத்த முறைப்படி, அலாரிப்பு முதல் தில்லானா ஈறாக நட்டுவனார்கள் கற்பித்து வந்தனர். பாலசரஸ்வதி கந்தப்பப் பிள்ளையிடம் பயின்று, 1925 ஆம் ஆண்டில் ஏழு வயதிற் காஞ்சிபுரத்தில் ஒரு கோயிலில் அரங்கேறினார். அவர் எந்தப் பட்டப் பரீட்சைக்கும் போனவரல்லர். எனினும் 1962 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வெஸ்லியன் சர்வகலாசாலை அவரைத் தன்னிடம் அழைத்து நடனம் கற்பிக்கச் செய்தது. நாள்தோறும் மாணவியின் காலையும் கையையும் பார்த்துக் கொண்டிருந்த ஆசிரியனின் கண்ணே அப்பரம்பரையின் பரீட்சை. ஆண்டிறுதியில் ஒருநாள் வந்து போகும் பரீட்சகனுக்கு அக்கண் வாய்ப்பதில்லை.

அம்முறையின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. பிறப்பினால் ஒருத்தி அத்தொழிலுக்கு உரியவளாக்கப்பட்டாள். பொட்டுக் கட்டும் வழக்கம் அவள் வாழ்க்கையைப் பிறர் உடைமையாக்கியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் நெடுநாள் போராடியதன் பயனாக, 1947 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் அவ்வழக்கம் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. இதற்கிடையே 1936 ஆம் ஆண்டில் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். நடனம் பரம்பரைக் குடும்பங்களை விட்டுப் பாடசாலைக்கும், பின்னர்ச் சர்வகலாசாலைக்கும் சென்றது. பிறப்பு என்ற வேலி விழுந்தது நன்றே. ஆனால் அவ்வேலிக்குள் இருந்து கலையைக் காத்த குடும்பங்களுட் பல, வேலி விழுந்த பின் வெளியே நின்றன. பணம் என்ற புதிய வேலியும் எழுந்தது.

இன்று மலேசியப் பட்டணங்களில் நடைபெறும் அரங்கேற்றங்களை நோக்குக. மண்டபம், பக்கவாத்தியம், ஆடை, அழைப்பிதழ், விருந்து என எல்லாவற்றிற்கும் பணம். தோட்டத்துத் தொழிலாளி பல ஆண்டு சேமித்தாலும் எட்டாத செலவு அது. அவ்வளவு செலவிட்டு நிரூபிக்கப்படுவதுதான் என்ன? முன்கூட்டியே தெரிந்த உருப்படிகளை, முன்கூட்டியே ஒத்திகை பார்த்த வாத்தியக்காரருடன், உறவினர் நிறைந்த சபையில், ஒரு மாலைப் பொழுது தளராமல் ஆடி முடித்தாள் என்பதே. ஞாபக சக்தியும் உடல் உறுதியும் இதனால் விளங்கும். அவை சிறியன என்று நாம் கூறவில்லை. தெரியாத பாட்டொன்றைக் கொடுத்தால் அவள் என்ன செய்வாள் என்பது மட்டும் விளங்காது.

சர்வகலாசாலையின் தொண்டு இங்கேதான் வேண்டப்படுகின்றது. உலகில் முதன்முதலாக நடனத்திற்குப் பட்டப் படிப்பு வகுத்தது அமெரிக்காவின் விஸ்கான்ஸின் சர்வகலாசாலை; ஆண்டு 1926. அதனை அமைத்த மார்கரெட் எச்டௌப்லர் உயிர்நூல் பயின்றவர். மேடைக்கு நர்த்தகிகளை உண்டாக்குவது அவருடைய நோக்கமன்று. உடலின் இயக்கத்தை அறிந்து, தானே சிந்தித்து, தானே ஆடலைப் படைக்கும் மனிதரை உண்டாக்குவதே கல்வி என்று அவர் கருதினார். இந்நோக்கம் நமக்கு உடன்பாடே.

நமது நாட்டில் 1994 ஆம் ஆண்டில் தோன்றிய தேசியக் கலைக்கழகம் இன்று அஸ்வாரா என்ற பெயரில் நடனத்திற்குப் பட்டம் அளித்து வருகின்றது. மலாய், சீன நடனங்களுடன் பரதநாட்டியமும் அங்கே கற்பிக்கப்படுகின்றது. உயர்கல்விப் படிப்புகளுக்குத் தரம் வகுக்கும் பொறுப்பு, 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த எம்.கியூ.ஏ. என்னும் தகுதி நிர்ணய நிறுவனத்தினுடையது. மாணவர் பெறவேண்டிய பேறுகளை அந்நிறுவனம் 2017 ஆம் ஆண்டுப் பதிப்பில் ஐந்து தொகுதிகளாக வகுத்தது. அறிவும் விளக்கமும், சிந்தனைத் திறன், தொழில் நடத்தும் திறன், சுயவளர்ச்சியும் தொழில்முனைவும், ஒழுக்கமும் தொழில்நெறியும் என்பன அவை. மாணவர் உழைக்கும் நாற்பது மணி நேரத்தை ஒரு கடனலகாகக் கணக்கிடுவர். பொறியியலுக்கும் கணக்கியலுக்கும் உரிய இதே சட்டகம் நடனத்திற்கும் உரியது.

இதனை ஏளனம் செய்வோருடன் நாம் சேர மாட்டோம். எழுதி வைத்த அளவுகோல் ஏழைக்குத் துணை. குருவின் மனம்போனபடி ஒருத்தி உயர்த்தப்படுவதும் ஒருத்தி தாழ்த்தப்படுவதும் எழுத்தில் இல்லாத அளவுகோலினால் விளைவன. எதற்கு எவ்வளவு மார்க்கு என்று முன்னரே அச்சிட்டு அறிவித்துவிட்டால், தோட்டத்துப் பெண்ணும் டாக்டர் வீட்டுப் பெண்ணும் ஒரே கோலால் அளக்கப்படுவர். குறைத்து இட்டால் ஏன் என்று கேட்கவும் இடமுண்டு. கோலின் தேவையை நாம் மறுக்கவில்லை. அதனைப் பிடிக்கும் முறையில்தான் குற்றம் காண்கின்றோம்.

முன் கூறிய தாளுக்கே திரும்புவோம். அதில் எண் கணக்கறிவு என்றொரு தலைப்பு இருந்தது. அம்மாணவியை விசாரித்ததில், நிகழ்ச்சி ஒன்றின் வரவு செலவு அட்டவணையைத் தயாரித்ததற்கு இடப்பட்ட மார்க்கு அது என்றாள். நடனக்காரிக்கு எண்ணறிவு வேண்டுமா என்று யாரும் நகைக்க வேண்டுவதில்லை. ஏழு தாளத்தை ஐந்து ஜாதியாற் பெருக்கி முப்பத்தைந்து கண்ட மரபு நம்முடையது. ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்திற்கு முப்பத்திரண்டு மாத்திரை. பதினேழு மாத்திரையை ஒருவிதமாக ஆடி, மீதிப் பதினைந்தை ஐந்து ஐந்தாக மும்முறை ஆடிச் சமத்தில் வந்து நிற்க வேண்டுமெனில், கால் ஆடிக் கொண்டிருக்கும்போதே மனம் கணக்கிட்டாக வேண்டும். அக்கணக்கே நடனத்தின் எண்ணறிவு. அதனைக் கோர்வையில் தேடாமல் செலவு அட்டவணையில் தேடியது, கிணறு வீட்டிலிருக்க அண்டை ஊரில் தண்ணீர் தேடியது போலாம்.

மற்றொரு தலைப்பு விளக்கவுரை. அவள் ஆடியது ஒரு தமிழ்ப் பதம். அதைப் பற்றிய விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பது விதி. தமிழ்ப் பள்ளியிற் படித்த அவள் அப்பதத்தின் ஒவ்வொரு சொல்லையும் சுவைத்து அறிந்தவள். தலைவி சொல்லும் ஒரு சொல்லிற் கோபம் எவ்வளவு, ஏக்கம் எவ்வளவு என்று நமக்கு வாயாற் சொல்லிக் காட்டியபோது வியந்தோம். ஆங்கில உரையிலோ அது வரவில்லை, மார்க்கும் வரவில்லை. சாகித்தியத்தின் பொருளை உணர்ந்தாளா என்ற தலைப்பு அத்தாளில் இருந்திருப்பின் அவள் முதலில் நின்றிருப்பாள். உலகத்தோடு பேச ஆங்கிலம் வேண்டும். அதைத் தனியே சோதித்துக் கொள்ளட்டும். ஆங்கிலக் குறையை நடனக் குறையாகக் கணக்கெழுதுவது பொய்க் கணக்கு. கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் இதனைப் பொறுக்க மாட்டோம்.

ஒரே கோலால் எல்லா ஆடலையும் அளப்பது பிறிதொரு பிழை. நமது ஜொகூரின் சொந்த நடனமாகிய ஸாப்பினை எடுத்துக் கொள்வோம். காம்புஸ் நரம்பும் மர்வாஸ் முழவும் ஒலிக்க, வரிசையாய் நின்று, ஒருவர் அடியை மற்றொருவர் அடியோடு இசைத்து ஆடுவது அது. தான் மட்டும் எடுப்பாய்த் தெரிய முயல்பவன் அங்கே தவறு செய்தவனாவான். பரதத்திலோ தனியொருத்தி அரைமண்டியில் நின்று சபை முழுவதையும் தன் கண்ணால் ஆள வேண்டும். "தன்னம்பிக்கை வெளிப்பாடு" என்ற ஒரே தலைப்பில் இவ்விருவருக்கும் மார்க்கு இடுவதெப்படி? சிந்தனைத் திறனும் தொழில்நெறியும் பொதுவாயிருக்கலாம். அவற்றைக் காணும் அடையாளங்களை அந்தந்த ஆடலை அறிந்தோரே வகுத்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் எதனை அளப்பது? குற்றம் மட்டும் கூறி விலகுவது விமரிசகனுக்கு அழகன்று. ஆதலின் நமக்குத் தோன்றிய நான்கினைக் கூறுகின்றோம். முதலாவது, அவள் முன் கேட்டிராத ஒரு பதத்தைக் கொடுத்து, சில நாள் அவகாசத்தில் தானே அபிநயம் அமைத்து ஆடச் செய்க. சொல்லிக் கொடுத்ததற்கும் கற்றுக் கொண்டதற்கும் உள்ள பேதம் அங்கே தெரிந்துவிடும். இரண்டாவது, ஒன்றுமறியாத ஒரு சிறுமிக்குத் தட்டடவைக் கற்பிக்கச் செய்து அருகிருந்து காண்க. மூன்றாவது, முதலாண்டில் அவள் ஆடியதைப் படம் பிடித்து வைத்து, இறுதியாண்டில் ஆடியதோடு ஒப்பிடுக. ஐந்து வயது முதல் பணம் கொடுத்துப் பயின்றவளும் பதினெட்டு வயதிலே தொடங்கியவளும் கடந்த தூரம் அப்போதுதான் நியாயமாக விளங்கும். நான்காவது, பரீட்சை ஆட்டம் சாதாரணப் பயிற்சிச் சேலையில் நடைபெறட்டும். பரீட்சகர் முன் நகைக்கும் ஒப்பனைக்கும் வேலையில்லை. இவற்றோடு, கற்பித்த ஆசிரியரையும் கலாசாலையையும் பற்றிய ஓர் பக்கம் அத்தாளில் முதலாவதாக இருத்தல் வேண்டும். அதற்கு இளங்கோவடிகளே சாட்சி.

செம்பனைத் தொழிலில் இருப்போர் இதனை எளிதில் உணர்வர். தராசில் ஏற்றினாற் காய்க்குலையும் கனமாகத்தான் இருக்கும். ஆலைக்குப் போனபின் எண்ணெய் இராது. ஆதலினாற்றான் மரத்தடியில் உதிர்ந்த பழத்தைப் பார்த்துப் பக்குவம் அறிந்து குலையை வெட்டுகின்றோம். பட்டம் பெற்றவர் தொகையையும் மார்க்குகளின் கூட்டலையும் மட்டும் காட்டும் கலாசாலை, எடையைக் காட்டி எண்ணெய் என்று சொல்லுகின்றது.

சில வாரங்களுக்கு முன் அப்பெண் நமது தோட்டத்துக் கோயில் மண்டபத்திற் குழந்தைகளுக்கு வகுப்புத் தொடங்கினாள். வேலை முடிந்து நாம் போய்ப் பார்த்தபோது, ஒரு சிறுமிக்குக் கால் தாளத்தோடு சேரவில்லை. ஆசிரியை அவளை அதட்டவில்லை. அவள் கையைப் பிடித்து அருகே நிறுத்தி, தானே அவளுடைய பிழையைச் செய்து காட்டி, பின் திருத்திக் காட்டினாள். மூன்றாம் முறையில் அச்சிறுமியின் அடி சமத்தில் விழுந்தது. மண்டபத்தின் ஓரத்திற் குலைவெட்டும் கத்தியுடன் தகப்பனார் நின்று கொண்டிருந்தார். அவர் ஓராண்டிற்கு முன் கேட்ட வினாவிற்கு அன்று நாம் விடை கூறினோம்: "நன்றாக ஆடுகிறாள், நன்றாகக் கற்றும் இருக்கிறாள்." அத்தாளில் எழுதப்பட வேண்டியிருந்தது இது. எழுதும் வகையைக் கலாசாலைகள் கண்டறிவனவாக.